யூரோவை நூறால் பெருக்கலாமா?

போன மாசம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு என் ரூம்மேட் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் முடித்து வேலைக்குச் சேர்ந்த ஒரு சீனியர், வாட்ஸ்அப் குரூப்பில் சம்பளத்தைப் போட்டிருந்தார். மாதம் 4,000 யூரோ.

"மச்சி, ஒரு யூரோ நூறு ரூபாய்னு வெச்சாலே மாசம் நாலு லட்சம்டா. நமக்கு கேம்பஸ்ல குடுத்தது வருஷத்துக்கே நாலரை லட்சம். இதுல யோசிக்க என்ன இருக்கு?"

நான் எதுவும் சொல்லவில்லை. ஏன்னா அதே பெருக்கலை நானும் ரெண்டு வாரமா மனசுக்குள்ள போட்டுக்கிட்டுதான் இருந்தேன். என் மெயிலில் ஒரு ஆஃபர் லெட்டர் இருக்கு. இன்னொரு டேப்பில் ஜெர்மன் யுனிவர்சிட்டி அப்ளிகேஷன் பாதியில் நிற்குது. ஃபைனல் இயரில் பாதிப் பேருக்கு இதுதான் நிலைமை. நாடு ஜெர்மனியா இல்லாம அமெரிக்காவாகவோ கனடாவாகவோ இருக்கலாம், அவ்வளவுதான்.

நாலு வருஷமா எதைக் கொடுத்தாலும் அளந்து பார்க்கச் சொல்லித்தான் நமக்குப் பாடம் நடத்தினாங்க. ஆனா வாழ்க்கையிலேயே பெரிய முடிவை ஒரே ஒரு பெருக்கலில் முடிச்சுடறோம். அதனால இந்தக் கட்டுரையில் ரெண்டு நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை எப்படி ஒப்பிடணும்னு ஒரு லேப் எக்ஸ்பெரிமென்ட் மாதிரி செய்து பார்க்கப் போறேன். சாம்பிள்: இந்தியா, ஜெர்மனி. சோதனை எலி நான்தான்.

1. முதலில் யூனிட்டைச் சரி பண்ணணும்

கெம்னிட்ஸ் நகரத்தில் என் பெரியப்பா மகள் இருக்காங்க. அங்கேயே மாஸ்டர்ஸ் முடிச்சு இப்ப வேலை பார்க்கறாங்க. அக்காகிட்ட முதலில் கேட்டது முடி வெட்ட எவ்வளவு ஆகும்னு. "25 யூரோ. அதனாலதான் நானே வெட்டிக்கறேன்"னாங்க. நூறால் பெருக்கினா 2,500 ரூபாய். எங்க ஊரில் 120 ரூபாய்க்கு வெட்டி, தலையில் ரெண்டு தட்டும் தட்டி அனுப்புவாங்க.

சம்பளத்தை நூறால் பெருக்கினா செலவையும் நூறால் பெருக்கணும். இதுக்குப் பொருளாதாரத்தில் இருக்கும் கருவிதான் வாங்கும் திறன் சமநிலை, சுருக்கமா பி.பி.பி. ஒரே மாதிரியான ஒரு கூடைப் பொருளை ரெண்டு நாட்டிலும் வாங்க எவ்வளவு ஆகும்னு பார்த்து, அதிலிருந்து ஒரு மாற்று விகிதம் எடுப்பாங்க. உலக வங்கி கணக்குப்படி அமெரிக்காவில் ஒரு டாலருக்கு வாங்கும் பொருளை இந்தியாவில் வாங்க ஏறக்குறைய 20 ரூபாய் போதும். அதே பொருளுக்கு ஜெர்மனியில் 0.7 யூரோவுக்குக் கொஞ்சம் மேல் ஆகும். ரெண்டையும் வகுத்தா, வாங்கும் திறனில் ஒரு யூரோ என்பது சுமார் 28 ரூபாய். நூறு இல்லை.

கூடையில் என்ன வைக்கறதுங்கறதும் லேசான வேலை இல்லை. 'தி எகனாமிஸ்ட்' பத்திரிகை 1986-ல் பிக் மேக் பர்கரின் விலையை வைத்து நாடுகளை ஒப்பிட ஆரம்பித்தது. இந்தியாவில் மாட்டிறைச்சி பிக் மேக் விற்பதில்லை என்பதால், கோழி வைத்த மகாராஜா மேக்கைக் கணக்கில் எடுக்க வேண்டியதாச்சு. ஒரு பர்கருக்கே இந்தப் பாடுன்னா, வாடகைக்கும் வைத்தியத்துக்கும் எவ்வளவு தலைவலி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

இப்ப அந்த 4,000 யூரோவுக்கு வருவோம். வரியும் சமூகக் காப்பீட்டுப் பிடித்தமும் போக, கல்யாணம் ஆகாத ஒருத்தர் கைக்கு வருவது சுமார் 2,600. அதை 28-ஆல் பெருக்கினா 72,800 ரூபாய். அதாவது மொத்தத்தையும் அங்கேயே செலவழித்து வாழ்ந்தா, இங்கே மாசம் 73 ஆயிரத்தில் வாழ்ற மாதிரி.

ரூம்மேட்கிட்ட இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு ஒரு கேள்வி கேட்டான். "சரி, நான் அங்க மிச்சம் பிடிச்சு வீட்டுக்கு அனுப்பற காசு? அதை பேங்க் 28 ரூபாய்க்கா மாத்தும்?"

நல்ல கேள்வி. வீட்டுக்கு அனுப்பும் பணம் மார்க்கெட் ரேட்டில்தான் மாறும். ஆக நூறால் பெருக்கறவனும் பாதி சரி, 28-ஆல் பெருக்கறவனும் பாதி சரி. சம்பளத்தை ரெண்டாப் பிரிக்கணும். அங்கே செலவாகும் பகுதிக்கு 28, ஊருக்கு வரும் பகுதிக்கு 100.

அக்கா சொன்ன செலவை வைத்து ஒரு கணக்கு: மாசம் 1,900 யூரோ செலவு, 700 சேமிப்பு.

செலவு: 1,900 × 28 = 53,200 ரூபாய் அளவுக்கான வாழ்க்கை.
சேமிப்பு: 700 × 100 = 70,000 ரூபாய், ஊருக்கு.

இங்கே எனக்கு வந்திருக்கும் ஆஃபரில் கைக்கு சுமார் 33,000 வரும். சென்னையில் பி.ஜி., சாப்பாடு, பஸ், போன் எல்லாம் சேர்த்து 20,000 போனா 13,000 மிஞ்சும். ஜெர்மனிதான் மேலே, சந்தேகமே இல்லை. ஆனா பெருக்கலில் தெரிந்த பத்துப் பதினோரு மடங்கு இல்லை. வாழ்ற வாழ்க்கை ரெண்டரை மடங்கு, சேமிப்பு அஞ்சு மடங்கு. இது ரெண்டும் வேற வேற எண்கள்ங்கறதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் இதுதான் முடிவை மாத்தப் போகுது.

இன்னொரு எச்சரிக்கை. 28 என்பது நாடு முழுவதுக்குமான சராசரி. மியூனிக்கில் வீட்டு வாடகை ஒரு கதை, கெம்னிட்ஸில் வேற கதை. அக்கா வேலையை அங்கே எடுத்ததுக்கு வாடகையும் ஒரு காரணம்.

2. எச்.டி.ஐ.-யைக் கையால் போட்டுப் பார்ப்போம்

காசு மட்டும் வாழ்க்கைத் தரம் இல்லை. இதை உலகமே ஒத்துக்கிட்டது 1990-ல். பாகிஸ்தான் பொருளாதார நிபுணர் மஹ்பூப் உல் ஹக், அமர்த்தியா சென் போன்றவர்களின் துணையோடு உருவாக்கிய மனித வளர்ச்சிக் குறியீடு, அதாவது எச்.டி.ஐ., அந்த வருஷம்தான் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் அறிக்கையில் வந்தது. ஆயுள், படிப்பு, வருமானம் என மூணு பரிமாணம். நியூஸில் ரேங்க் மட்டும் வரும். நாம ஃபார்முலாவைப் பார்ப்போம், கால்குலேட்டர் எடுங்க.

2025 அறிக்கையில் இருக்கும் எண்கள் (2023-ஆம் ஆண்டுக்கானவை):

இந்தியா: ஆயுள் 72.0 வருஷம், ஒரு குழந்தை படிக்கும் என எதிர்பார்க்கப்படும் ஆண்டுகள் 13.0, 25 வயது தாண்டியவர்கள் சராசரியாகப் படித்த ஆண்டுகள் 6.9, தலைக்கு வருமானம் பி.பி.பி. டாலரில் 9,047.
ஜெர்மனி: 81.4, 17.3, 14.3, 64,053.

ஒவ்வொன்றையும் 0-க்கும் 1-க்கும் நடுவில் கொண்டு வரணும். நாம டேட்டாவை நார்மலைஸ் பண்ணுவோமே, அதேதான்.

ஆயுளுக்குக் கீழ் எல்லை 20, மேல் எல்லை 85. இந்தியா: (72 − 20) ÷ 65 = 0.800. ஜெர்மனி: 0.945.

படிப்புக்கு எதிர்பார்ப்பை 18-ஆலும் சராசரியை 15-ஆலும் வகுத்து, ரெண்டுக்கும் சராசரி எடுக்கணும். இந்தியா: 0.722-ம் 0.460-ம் சேர்ந்து 0.591. ஜெர்மனி: 0.957.

வருமானத்துக்கு லாக் எடுக்கணும். எல்லை 100 டாலர் முதல் 75,000 டாலர் வரை. இந்தியா: லாக்(9,047 ÷ 100) ÷ லாக்(75,000 ÷ 100) = 0.681. ஜெர்மனி: 0.976.

ஏன் லாக்? மாசம் பத்தாயிரம் வாங்கறவருக்கு இன்னொரு பத்தாயிரம் கிடைச்சா வாழ்க்கையே மாறும். அஞ்சு லட்சம் வாங்கறவருக்கு அதே பத்தாயிரம் வந்ததே தெரியாது. அதைத்தான் லாக் பிடிக்குது.

கடைசியா மூணையும் பெருக்கி கனமூலம் எடுக்கணும். இந்தியா 0.685, 130-வது இடம். ஜெர்மனி 0.959, 5-வது இடம்.

2010-க்கு முன்னாடி இந்த மூணையும் கூட்டி மூணால் வகுத்துக்கிட்டு இருந்தாங்க. அதில் ஒரு ஓட்டை இருந்தது. ஒன்றில் சொதப்பினாலும் இன்னொன்றில் நல்லா வாங்கி ஈடுகட்டிடலாம். நாலு பேப்பரில் ஓ கிரேடு வாங்கி ஒன்றில் அரியர் வெச்சவன் ஆவரேஜில் நல்ல பையனாத் தெரியற மாதிரி. பெருக்கி மூலம் எடுத்தா அந்த அரியர் மறையாது.

சரி, இந்தியாவோட அரியர் எது? நான் சம்பளம்தான்னு நினைச்சேன். மூணு எண்களையும் ஜெர்மனியோடு பக்கத்தில் வெச்சுப் பாருங்க. பெரிய இடைவெளி படிப்பில்தான் இருக்கு. அதிலும் எதிர்பார்க்கும் ஆண்டுகளில் இல்லை, அந்த 6.9-ல். சும்மா ஒரு சோதனைக்கு இந்தியாவின் வருமானத்தை மட்டும் இரட்டிப்பாக்கிப் போட்டேன்: எச்.டி.ஐ. 0.719. வருமானத்தை அப்படியே விட்டு, பெரியவர்கள் படித்த ஆண்டுகளை மட்டும் இரட்டிப்பாக்கினேன்: 0.765.

அந்த 6.9 யார்? என் அம்மா எட்டாவதோடு நின்னவங்க. அப்பா பத்தாவது. அவங்க தலைமுறையைப் பள்ளிக்கூடத்தில் தொடர்ந்து உட்கார வைக்க முடியாம போனதுக்கான கணக்கு இன்னிக்கும் அறிக்கையில் வருது. அது சட்டுனு மாறவும் மாறாது, ஏன்னா ஐம்பது வயசு ஆளை யாரும் திரும்ப ஒன்பதாவதில் சேர்க்கப் போறதில்லை. இதைப் பார்த்த பிறகு அந்த 130 என்ற ரேங்க் எனக்கு வேற மாதிரித் தெரிய ஆரம்பிச்சது.

3. சராசரிக்குள்ளே யார் இருக்கா?

"இந்தியாவில் வாழ்க்கைத் தரம்"னு சொல்றோமே, எந்த இந்தியா? தேசிய குடும்பநல ஆய்வு 2019–21-ஐ எடுத்துப் பாருங்க. பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஒரு வயதுக்குள் இறப்பவை: பீகார் 47, இந்திய சராசரி 35, தமிழ்நாடு 19, கேரளா 4. ஜெர்மனியில் இது 3-ஐ ஒட்டி. ஆக கேரளாவில் பிறக்கும் குழந்தை இந்த ஒரு விஷயத்தில் பீகாரைவிட ஜெர்மனிக்குப் பக்கத்தில் இருக்கு. பாஸ்போர்ட் நிறம் மட்டும்தான் வேற.

எச்.டி.ஐ. அறிக்கையிலேயே ஏற்றத்தாழ்வைக் கழித்துப் போடும் இன்னொரு எண்ணும் உண்டு. அப்படிக் கழிக்கும்போது இந்தியாவின் 0.685-ல் 30.7 சதவீதம் போய்விடுகிறது. சராசரி என்ற போர்வையை இழுத்தா அவ்வளவு தெரியுது.

அதனால நாட்டோடு நாட்டை ஒப்பிடறதுக்கு முன்னாடி, நாம அந்த நாட்டில் எந்தப் படியில் நிற்கப் போறோம்னு கேட்கணும். இங்கே நான் டிகிரி இருக்கிற, மொழி தெரிந்த, சொந்தக்காரங்க சூழ்ந்த ஆள். அங்கே போனா முதல் ரெண்டு வருஷம் நான் மொழி தடுமாறும், பார்ட் டைம் வேலை பார்க்கும் வெளிநாட்டு மாணவன். ஜெர்மனியின் சராசரி மனிதனோட வாழ்க்கை எனக்கு ஏர்போர்ட்டிலேயே கையில் கொடுக்கப்படாது.

4. ரெண்டு பக்கமும் ஒரே மீட்டரா?

2025 ஜூலையில் ஒரு செய்தி எல்லார் போனிலும் சுத்தியது: ஏற்றத்தாழ்வு குறைந்த நாடுகளில் இந்தியா உலகில் நான்காவது. ஜினி குறியீடு 25.5. ஜெர்மனிக்கு 30-க்கு மேல். அப்படின்னா ஜெர்மனியைவிட நாம சமத்துவமான நாடா?

வீட்டு பிளக்கில் 230 வோல்ட்னு சொல்வோம். அது ஆர்.எம்.எஸ். மதிப்பு. பீக் மதிப்பு 325 வோல்ட். ஒருத்தன் எங்க வீட்டில் 230, உங்க வீட்டில் 325-ன்னு சொன்னா, எந்த மீட்டர்ல அளந்தன்னு முதலில் கேட்போம். இங்கேயும் அதேதான் நடந்தது. இந்தியாவின் 25.5, குடும்பங்கள் செய்யும் செலவை வைத்து எடுத்தது. ஜெர்மனியின் எண், வருமானத்தை வைத்து எடுத்தது. பணக்காரர் தன் வருமானம் மொத்தத்தையும் செலவழிப்பதில்லை. ஏழை முழுசையும் செலவழித்து மேலே கடனும் வாங்குவார். அதனால செலவை அளந்தா ஏற்றத்தாழ்வு எப்பவும் குறைவாத்தான் தெரியும். ரெண்டு எண்ணும் அதனதன் அளவில் சரி. பக்கத்தில் பக்கத்தில் வெச்சதுதான் தப்பு.

வேலை நேரத்திலும் இதே சிக்கல் உண்டு. ஜெர்மனியில் ஒரு தொழிலாளி வருஷத்துக்குச் சராசரியா சுமார் 1,340 மணி நேரம்தான் வேலை செய்கிறார், வளர்ந்த நாடுகளில் மிகக் குறைவானவற்றில் இதுவும் ஒன்று. கேட்க ஆசையா இருக்கு. ஆனா அந்தச் சராசரிக்குள் பார்ட் டைம் வேலை பார்ப்பவர்களும் நிறைய இருக்காங்க. முழு நேர இன்ஜினியர் அதைவிட அதிகமாத்தான் வேலை செய்வார். சராசரியை நம்பாம சட்டத்தைப் பார்க்கறது நல்லது: வாரம் அஞ்சு நாள் வேலைக்கு வருஷம் குறைந்தது 20 நாள் சம்பளத்தோடு லீவு, இது அங்கே சட்டம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகளுக்கு லீவு. எங்க அப்பா மோட்டார் வைண்டிங் கடை வெச்சிருக்கார். காலையில் ஒன்பது முதல் ராத்திரி ஒன்பது வரை, ஞாயிறு அரை நாள். லீவுங்கற வார்த்தையே அவர் அகராதியில் கரண்ட் இல்லாத நாளைத்தான் குறிக்கும்.

5. ஒரு ஆஸ்பத்திரி பில்

அக்காவுக்குப் படிக்கும்போதே அபென்டிக்ஸ் ஆபரேஷன் நடந்தது. நாலு நாள் ஆஸ்பத்திரி. அவங்க கையிலிருந்து கட்டியது 40 யூரோ. ஒரு நாளைக்கு 10 யூரோ, அவ்வளவுதான் அங்கே பொதுக் காப்பீட்டில் நோயாளியின் பங்கு.

போன வருஷம் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாம பண்ணியிருக்கலாம். "வரிசையில காத்துக் கெடந்தா கடைய யாரு பாக்கறது?"ன்னு பக்கத்து டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் மேல் ஆச்சு. அம்மாவின் ரெண்டு வளையல் இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கு.

இந்த ரெண்டு பில்லையும் பக்கத்தில் வெச்சு ஜெர்மனியைப் புகழ்ந்துட்டுப் போயிடலாம். ஆனா கணக்கை முழுசாப் போடணும். அக்கா படிக்கும்போது காப்பீட்டுக்கு மாசம் 140 யூரோவை ஒட்டி கட்டினாங்க, உடம்பு நல்லா இருந்த மாசமும் சேர்த்து. வேலைக்குப் போனதும் சம்பளத்தில் ஒரு பங்கு தானா பிடிச்சுடறாங்க. ஒரு தோல் டாக்டரைப் பார்க்க ரெண்டு மாசம் காத்திருந்ததாவும் சொன்னாங்க.

வித்தியாசம் எங்கே இருக்குன்னா, அங்கே எல்லாரும் கொஞ்சம் கொஞ்சமா முன்கூட்டியே கட்டறாங்க. 1883-ல் பிஸ்மார்க் காலத்தில் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய ஏற்பாடு அது. இங்கே பெரும்பாலும் நோய் வந்த வீடு, வந்த அன்னிக்கு, மொத்தமாக் கட்டுது. தேசிய சுகாதாரக் கணக்கின்படி 2021–22-ல் இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் நேரடியாகக் கையிலிருந்து கொடுத்தது. 2013–14-ல் இது 64.2 ஆக இருந்தது, நல்லாவே குறைஞ்சிருக்கு. ஜெர்மனியில் இது பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான்.

எனக்கு இதிலிருந்து புரிந்தது: வாழ்க்கைத் தரம் என்பது நல்ல நாளில் என்ன கிடைக்குதுங்கறது மட்டும் இல்லை. கெட்ட நாளில் எவ்வளவு ஆழத்துக்கு விழுவோம், நடுவில் ஒரு வலை இருக்கா என்பதும்தான். நம்ம பாஷையில் சொன்னா, மீன் மட்டும் பார்க்கக் கூடாது, வேரியன்ஸையும் பார்க்கணும்.

6. எந்தக் குறியீட்டிலும் இல்லாத ஒரு வரி

உலக மகிழ்ச்சி அறிக்கைன்னு ஒன்று வருஷா வருஷம் வரும். அதன் அடிப்படைக் கேள்வி ரொம்ப எளிமை. பத்துப் படி உள்ள ஏணியில், உங்களுக்கு அமையக்கூடிய மிக நல்ல வாழ்க்கை பத்தாவது படி என்றால், இப்போ நீங்க எந்தப் படியில் இருக்கீங்க? 2025-ல் ஜெர்மனி 22-வது, இந்தியா 118-வது.

அக்காகிட்ட இதே கேள்வியைக் கேட்டேன். "எந்த நாள் கேக்கற?"ன்னாங்க. ராத்திரி பதினோரு மணிக்குத் தனியா டிராமில் பயமில்லாம வீடு திரும்பறப்ப எட்டுன்னாங்க. ஒரே மாத டிக்கெட்டில் (2025-ல் அது 58 யூரோ) நாடு முழுக்க லோக்கல் ரயில், பஸ், டிராம் எல்லாத்திலும் போகலாம், அதில் ஊர் ஊரா சுத்தும்போது ஒன்பது. அப்புறம் கொஞ்சம் நேரம் பேசல.

எங்க அப்பாயி இறந்தப்ப அக்காவுக்குப் பரீட்சை வாரம். டிக்கெட் விலையும் கைக்கு எட்டல. நான்தான் போனைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். எடுத்துக்கிட்டுக் கிளம்பற வரைக்கும் வீடியோ காலில் இருந்தாங்க. நடுவில் நெட் ரெண்டு தடவை கட் ஆச்சு. அதுக்கு எந்தப் படின்னு நான் கேட்கல.

இங்கேதான் ஒரு விஷயம் பிடிபட்டது. எச்.டி.ஐ.-யில் மூணு பரிமாணத்துக்கும் சம வெயிட்டேஜ். அது உலகம் முழுக்கப் பொதுவா ஒரு எண் வேணும்னு ஐ.நா. எடுத்த முடிவு. உங்களுக்கும் அதே வெயிட்டேஜ்தான்னு எந்தச் சட்டமும் இல்லை. ராத்திரி பயமில்லாம நடக்கறது என் கிளாஸில் இருக்கும் பெண்களுக்கு முதல் வரியா இருக்கலாம். எனக்கு இத்தனை நாள் அப்படி ஒரு வரி இருக்குன்னே தோணல. அதுவே நான் கத்துக்கிட்ட ஒரு பாடம்.

7. அப்பா கேட்ட கேள்வி

இதெல்லாம் ஒரு எக்ஸெல் ஷீட்டில் போட்டு, போன வாரம் ஊருக்குப் போனப்ப அப்பாவிடம் காட்டினேன். கடையில், ஒரு பம்ப் மோட்டாருக்குக் காயில் இறக்கிக்கிட்டே கேட்டார். கடைசி வரை எதுவும் சொல்லல. அப்புறம் கையைத் துடைச்சுக்கிட்டு ஒரே கேள்வி:

"எல்லாஞ் சரிதான் கண்ணு. அங்க படிச்சு முடிச்சு வேல கெடைக்கலீன்னா, கடன இங்க வந்து கட்ட முடியுமா?"

என் ஷீட்டில் அந்த வரி இல்லை.

அன்னிக்கு ராத்திரி போட்டுப் பார்த்தேன். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது, உண்மைதான். பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலம் போல வெளிநாட்டு மாணவர்களிடம் வாங்கும் இடங்களும் உண்டு. ஆனா விசாவுக்கு, ஒரு வருஷச் செலவாக 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுன்டில் முதலிலேயே காட்டணும். அது மட்டுமே பன்னிரண்டு லட்சம். ரெண்டாவது வருஷத்தில் ஒரு பகுதி, விமானம், மற்ற செலவு சேர்த்து 20 லட்சம் கல்விக் கடன்னு வெச்சேன். 11 சதவீத வட்டி, பத்து வருஷம். படிக்கும் காலத்து வட்டியை விட்டுட்டாலே மாசத் தவணை சுமார் 27,500 ரூபாய்.

ஜெர்மனியில் வேலை கிடைச்சா, அனுப்பும் 70,000-ல் தவணை போக 42,500 மிஞ்சும். அம்மா வளையல் ரெண்டே மாசத்தில் வீட்டுக்கு வந்துடும்.

வேலை கிடைக்காம திரும்பி வந்தா, இங்கே 33,000 சம்பளத்தில் தவணை போக 5,500. அதில் நான் சாப்பிடணும்.

கடன் ஒன்றுதான். யூரோவில் கட்டினா சுமை, ரூபாயில் கட்டினா மூச்சு முட்டும். படிப்பு முடிந்தபின் வேலை தேட அங்கே 18 மாதம் வரை தங்க அனுமதி உண்டு, அது பெரிய ஆறுதல். ஆனா ஜெர்மன் மொழி ஒழுங்கா வராம அந்த 18 மாதத்தைத் தின்னு தீர்த்த சீனியர்களையும் அக்கா பார்த்திருக்காங்க. நான் இதுவரை ஒப்பிட்டது ரெண்டு நாடுகளின் நல்ல நாட்களை. அப்பா கேட்டது என் கெட்ட நாளை.

என் முடிவைச் சொல்லிடறேன். ஆஃபரை ஏத்துக்கிட்டேன். சாயங்காலத்தில் ஜெர்மன் கிளாஸ், பி-1 லெவல் முடிக்கிற வரை. ரெண்டு வருஷச் சேமிப்பு பெரிசா இருக்காதுதான், மூணு லட்சம் தேறினா அதிகம். ஆனா கடன் கொஞ்சம் குறையும், கையில் அனுபவம் இருக்கும், மொழி இருக்கும். வேலை கிடைக்காம போகிற வாய்ப்பைத்தான் நான் இதில் குறைக்கிறேன்.

என் ரூம்மேட் இந்த வருஷமே போறான். அவனோட ஷீட்டை அவனே போட்டான். அவங்க அண்ணன் சம்பாதிக்கறார், கடன் அஞ்சு லட்சத்தைத் தாண்டாது, பத்து மாசமா ஜெர்மன் படிக்கறான். அவனுக்கு அந்தக் கடைசி வரி பயமுறுத்தல. அவன் கணக்கும் சரி. அதே ரெண்டு நாடு, அதே புள்ளிவிவரம், அதே ஹாஸ்டல் ரூம். விடை மட்டும் வேற.

நீங்களும் ஒரு ஷீட் போடுங்க. செலவுக்கும் சேமிப்புக்கும் தனித்தனி ரேட். சராசரிக்குப் பதிலா நீங்க நிற்கப் போகும் படி. ரெண்டு பக்கமும் ஒரே மீட்டர். உங்களுக்கு எது முக்கியமோ அதுக்கு உங்க வெயிட்டேஜ். போட்டு முடிச்சதும் வீட்டில் ஒருத்தர்கிட்ட காட்டுங்க. விட்டுப் போன வரி எதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.